பழைய மஸ்டாங்கில் புது வி8: முன் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1965, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கில் இன்றைய 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சினை இறக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த சஸ்பென்ஷன் கிட் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. எஞ்சின் எவ்வளவு அகலம்? அதன் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) எந்தப் பக்கம் இறங்குகிறது? எஞ்சின் அறையின் இரு பக்கமும் நிற்கும் தகடுத் தூணான ஷாக் டவர் இன்று தாங்கிக்கொண்டிருக்கும் பாரத்தை, டவரை வெட்டிய பிறகு எது தாங்கப்போகிறது? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் கிட்டைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

முதல் இரண்டு கேள்விகளைப் பலரும் கேட்டுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் விட்டுப்போகிறது. இந்த வழிகாட்டியில் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் 1965–66 மஸ்டாங்கை மனதில் வைத்து. அதே அடித்தளத்தில் வந்த ஃபால்கன், காமெட் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கமாரோ போல முன்பக்கத்தில் தனி சப்ஃப்ரேமை போல்ட் போட்டுப் பிணைத்த கார்களின் கதை வேறு. அவற்றில் சப்ஃப்ரேமையே கழற்றி மாற்றிவிடலாம், தகடு வெட்டும் வேலை குறைவு.

பழைய அமைப்பு எப்படி வேலை செய்கிறது

மஸ்டாங் 1964 ஏப்ரலில் வெளிவந்தபோது, அதன் அடித்தளம் 1960 ஃபால்கனிடமிருந்து வந்தது. ஃபால்கன் ஒரு சிக்கனமான ஆறு சிலிண்டர் குடும்பக் கார். அதன் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் இரு கைகளில் (ஆர்ம்) கீழ் ஆர்ம் மேல் உட்காராமல் மேல் ஆர்ம் மேல் உட்காரும். ஸ்பிரிங்கின் மேல் முனையும் ஷாக் அப்சார்பரும் எஞ்சின் அறைக்குள் நிற்கும் உயரமான தகடுக் கூண்டில் போய் முட்டும். அந்தக் கூண்டுதான் ஷாக் டவர். கீழ் ஆர்ம் ஒற்றைக் கம்பி போன்றது. பிரேக் பிடிக்கும்போது அது பின்னால் போகாமல் இருக்க, முன்னாலிருந்து ஒரு ஸ்ட்ரட் ராட் இழுத்துப் பிடித்திருக்கும்.

அதாவது, காரின் முன்பாதி எடை முழுவதும் டவர் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பள்ளத்தில் விழுந்தாலும் அந்த அடி டவரின் தலையில்தான் விழும். டவரிலிருந்து அது பக்கத் தகடுக்கும், கீழே நீளவாக்கில் ஓடும் ரெயிலுக்கும், மேலே ஒரு பிரேஸ் (தாங்கு கம்பி) வழியாக, எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே இருக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் பிரிந்து போகிறது. பல பத்தாண்டுகள் ஓடிய கார்களில் இரண்டு டவர்களும் உள்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். டவர்களுக்கு நடுவே போடும் மான்டி கார்லோ பாரைப் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தால் அது உள்ளே போகாமல் இடிக்கும். பாரில் குறை இருக்காது, டவர்கள் நெருங்கியிருக்கும்.

இந்த டவர்களுக்கு நடுவே அன்றைய 289 கன அங்குல வி8 வசதியாக உட்கார்ந்தது. அதன் பிளாக் சிறியது. டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை) 8.2 அங்குலம். அதே குடும்பத்து 351 விண்ட்சரின் டெக் 9.5 அங்குலம். உயரம் கூடும்போது வி வடிவத்தின் இரு கைகளும் விரிவதால் அகலமும் கூடிவிடும், எக்ஸாஸ்ட் டவரை உரசும். பெரிய 390 எஞ்சினை வைக்க வேண்டும் என்பதற்காகவே 1967இல் ஃபோர்டு எஞ்சின் அறையை அகலப்படுத்தியது. எஞ்சின் அகலத்துக்கும் டவருக்கும் நடக்கும் இந்த இழுபறி புதிதாக வந்ததல்ல.

எடை பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை

புது எஞ்சின் என்றால் கனமாக இருக்கும், அதனால் முன்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பில் வார்த்த 289 சுமார் 210 கிலோ. அலுமினிய பிளாக் கொண்ட கொயோட்டி சுமார் 200 கிலோ. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தலைப்பகுதியில் இருக்கிறது. 289இல் ஒரே கேம்ஷாஃப்ட், அது பிளாக்குக்கு நடுவில் இருக்கிறது. அதனால் சிலிண்டர் ஹெட் சிறியது. கொயோட்டியில் ஒவ்வொரு ஹெட்டுக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட், மொத்தம் நான்கு. ஹெட் பெருத்து இரு பக்கமும் விரிந்து நிற்கும். 1965–66 காரின் டவர்களுக்கு நடுவே அது இறங்காது.

சக்தியைப் பொறுத்தவரை, 1965இல் 289 எஞ்சின் 200, 225, 271 குதிரைசக்தி என்று மூன்று வகையில் வந்தது. 2011இல் வந்த கொயோட்டி 412, 2018இல் 460. பழைய எண்கள் எஞ்சினைத் தனியாக வைத்து, துணைக்கருவிகள் இல்லாமல் அளந்தவை. அதனால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது. ஆனால் இந்தச் சக்தி முன் ஸ்பிரிங்கை நேரடியாகப் பாதிக்காது. அது பாதிப்பது வேகத்தையும், அந்த வேகத்திலிருந்து நிற்க வேண்டிய பிரேக்கையும், பிரேக் போடும்போது முன் ஆர்ம்கள் தாங்க வேண்டிய விசையையும். சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

முதல் படி: இந்தக் காரை வெட்டலாமா?

வின் எண்ணின் (காரின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 1965இல் டி (T) என்றால் ஆறு சிலிண்டர், சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 289, ஏ என்றால் நான்கு பேரல், கே என்றால் 271 குதிரைசக்தி எஞ்சின். கே கார் கையில் இருந்தால் தயவுசெய்து டவரில் கிரைண்டரை வைக்காதீர்கள். அவை குறைவாகவே உருவானவை. ஒருமுறை வெட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நல்ல நிலையில் இருக்கும் ஏ கார்களுக்கும் இதையே சொல்வேன்.

இந்த வேலைக்குச் சரியான கார், எஞ்சினும் உள்ளலங்காரமும் ஏற்கனவே போய்விட்ட, ஆனால் ரெயிலும் ஃபயர்வாலும் துருப்பிடிக்காத ஒரு டி அல்லது சி கார். டி கார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றின் முன் சக்கரத்தில் நான்கு நட்டுதான். ஸ்பிண்டிலும் பிரேக்கும் வி8 காரைவிடச் சிறியவை. எப்படியும் அவற்றை மாற்றப்போகிறீர்கள் என்பதால் அது இழப்பில்லை.

ரெயில்களின் கீழ்ப்புறத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி ஆசிட்டால் அரித்துப்போயிருப்பது சகஜம். ரெயில் நன்றாக இல்லையென்றால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: எஞ்சினை உறுதிசெய்யுங்கள்

நவீன எஞ்சின் என்றாலே கொயோட்டி என்று நினைக்க வேண்டியதில்லை. 1986 முதல் 1995 வரை மஸ்டாங்கில் வந்த ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் 5.0 எஞ்சின், பழைய 289இன் நேரடி வாரிசு. அதே 8.2 அங்குல டெக். டவரைத் தொடாமலேயே இறங்கும். அதன் சம்ப்பை மட்டும் மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய மஸ்டாங்கில் ஸ்டீயரிங் சென்டர் லிங்க் எஞ்சினுக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிறது; அதனால் சம்ப் முன்பக்கம் இறங்கியாக வேண்டும். 5.0இன் இரட்டைச் சம்ப் அங்கே முட்டும். சம்ப்போடு ஆயில் பிக்கப் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள்.

தினமும் ஓட்டுவதற்கு, குளிர்ந்த காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி, மலைப்பாதையில் நம்பிக்கையாக ஏற வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், இந்த 5.0 போதும் என்பது என் கருத்து. செலவும் குறையும், காரின் எலும்பும் அப்படியே இருக்கும். கொயோட்டியின் சத்தமும் 7,000 சுற்றைத் தொடும் அதன் துடிப்பும்தான் வேண்டும் என்றால், அதுவும் நியாயமான ஆசைதான். அதற்கான விலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மூன்றாம் படி: எதையும் கழற்றும் முன் அளந்து குறியுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டினால் பிறகு சரிசெய்யவே முடியாது. கார் அதன் நான்கு சக்கரத்தில், சமதளமான தரையில் நிற்க வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் இரண்டு பக்கமும் புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைத்துக் கோடு போடுங்கள். அதுதான் முன் அச்சுக்கோடு. பின் அச்சுக்கும் அதேபோல. இரண்டுக்கும் நடுவே 108 அங்குலம் வர வேண்டும். குறுக்காக மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் கார் எப்போதோ அடிபட்டிருக்கிறது.

பிறகு சக்கர வளைவின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கார் கடைசியில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், அந்த நிலையில் முன்பக்கம் எவ்வளவு தாழ்ந்து சாய்ந்திருக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சாய்வு ஏன் முக்கியம் என்பது ஆறாம் படியில் தெரியும்.

எஞ்சின் பக்கம் அளக்க வேண்டியவை: ஹெட்டுகளின் வெளி அகலம், எக்ஸாஸ்ட் ஹெடருடன் சேர்த்து அகலம், கிராங்க் மையத்திலிருந்து சம்ப்பின் அடிவரை ஆழம், சம்ப் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, மேலே இன்டேக்கின் உச்சி. உங்கள் கிட்டோடும் உங்கள் ஹெடரோடும் சேர்த்துப் பார்த்தால்தான் அளவு உண்மையாகும். கொயோட்டியின் வடிவத்தில் பிளாஸ்டிக்கில் செய்த வெற்று மாதிரி பிளாக்குகள் கிடைக்கின்றன. கனமான எஞ்சினை நூறு முறை ஏற்றி இறக்குவதற்குப் பதில் அதை வைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: நான்கு வழிகளில் ஒன்று

முதல் வழி, டவரை வைத்துக்கொண்டு பழைய அமைப்பையே மேம்படுத்துவது. 5.0 எஞ்சினுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஃபோர்டின் பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் வகுத்த ஒரு திருத்தத்தை 1965, 1966 தொடக்க ஷெல்பி ஜி.டி.350 (மஸ்டாங்கின் பந்தய வடிவம்) கார்களில் பயன்படுத்தினார்கள். மேல் ஆர்ம் டவரில் பிணையும் துளைகளைச் சுமார் ஒரு அங்குலம் கீழே இறக்குவதுதான் அது. பழைய நிலையில், வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து டயரின் ஓரம் மட்டும் தரையைப் பிடிக்கும். துளையை இறக்கினால் சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்ளே சாயும். டயர் முழுதாகத் தரையில் படியும். இரண்டு துளை போடும் செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை இந்தக் காரில் வேறு இல்லை. ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்கினால் மேல் பால் ஜாயிண்ட் அதன் கோண எல்லையில் இறுகிக்கொள்ளும், அதனால் ஆசைப்பட்டு இறக்காதீர்கள்.

இதோடு பேரிங் வைத்த ஸ்பிரிங் பெர்ச், ஒரு அங்குல ஆன்டி ரோல் பார், நல்ல ஷாக் அப்சார்பர், டவரிலிருந்து ஃபயர்வாலுக்கு ஒரே துண்டாக வரும் எக்ஸ்போர்ட் பிரேஸ், முன் டிஸ்க் பிரேக் ஆகியவற்றைச் சேர்த்தால் கார் முற்றிலும் மாறிவிடும்.

இரண்டாம் வழி, மஸ்டாங் 2 பாணி கிராஸ்மெம்பர், அதாவது இரு ரெயிலையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். 1974–78 மஸ்டாங் 2, பின்டோவின் உறவு. அதன் முன் சஸ்பென்ஷன் சிறியது, தனியாகக் கழற்றக்கூடியது, ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் கொண்டது. அதனால் அமெரிக்காவில் பழைய கார்களை மாற்றியமைப்பவர்கள் அதை எல்லாவற்றிலும் பொருத்த ஆரம்பித்தார்கள். இன்று கிட் விற்பவர்கள் தருவது அசல் மஸ்டாங் 2 பாகங்களை அல்ல, அந்த வடிவத்தின் திருந்திய வாரிசுகளை. அசலில் இருந்த ஒற்றைக் கீழ் ஆர்மும் ஸ்ட்ரட் ராடும் போய், அகலமான குழாய் ஆர்ம் வந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த காயில்ஓவர் கீழ் ஆர்மில் உட்காரும். டவர் முழுவதும் போய்விடுவதால் கொயோட்டி தாராளமாக இறங்கும்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. டவரை வெட்டிய பிறகு முன்பக்கத்தின் எடை முழுவதும் கிராஸ்மெம்பரின் இரு முனைகளில் இருக்கும் சிறு கூண்டுகளில் இறங்கி, அங்கிருந்து நேராக ரெயிலுக்குப் போகும். அந்த ரெயில் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பெட்டி. டவரும் பக்கத் தகடும் கூடவே நின்று தாங்கும் என்ற கணக்கில் செய்தது. தனியாக விட்டால் அது முறுக்கிக்கொள்ளும். உடனே உடையாது. சில ஆயிரம் மைல் கழித்து வெல்டிங் ஓரத்தில் முடி போன்ற விரிசல் வரும், கதவு இடைவெளி மாறும், அலைன்மென்ட் நிற்காது. கிட் வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்கள்: ரெயிலுக்கு வெளியே போடும் வலுத்தகடு தருகிறீர்களா? ரெயிலின் முன்பகுதியிலிருந்து ஃபயர்வாலுக்கு இழுக்கும் குழாய் இருக்கிறதா? டவர் போன இடத்தை மூடும் தகடு அலங்காரத்துக்கா, பாரம் தாங்கவா? பதில் தெளிவாக வராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கிட் வேண்டாம்.

மூன்றாம் வழி, மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். மேல் ஆர்ம் இல்லாமல் ஸ்ட்ரட்டே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும். டவரின் உள்பக்கத்தைக் குறைத்து மெலிந்த டவர் அமைத்தால் பாரம் பழையபடி மேலே போய்ச் சேரும். ரெயிலுக்குச் சிரமம் குறைவு. இது எனக்குப் பிடித்த அம்சம். குறை, காரைத் தாழ்த்தினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) நடத்தை சீக்கிரம் கெட்டுவிடும். அகலமான டயர் ஸ்ட்ரட்டை உரசும். காரை அதிகம் தாழ்த்தாதவர்களுக்கு நல்ல தேர்வு.

நான்காம் வழி, முழு சேசிஸ். ஆர்ட் மாரிசன், ரோட்ஸ்டர் ஷாப் போன்ற நிறுவனங்கள் காருக்கு அடியில் முழு நீள ஃப்ரேமே செய்து தருகின்றன. பாரம் எங்கே போகும் என்ற கவலை இல்லை. தரையை வெட்ட வேண்டும், காரின் விலையைத் தாண்டிச் செலவாகும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு மட்டும் சொல்வேன்.

சிலர் ஐந்தாவதாக ஒன்றைச் செய்கிறார்கள்: டவரைக் கொஞ்சம் செதுக்கி எஞ்சினை நுழைத்துவிட்டு, பழைய சஸ்பென்ஷனை அதே டவரில் விட்டுவிடுவது. மாற்றுத் தகட்டால் டவரை மறுபடி பெட்டியாக மூடாமல் இதைச் செய்வது ஆபத்து. முன் எடை முழுவதும் நிற்கும் தூணில் பாதியை வெட்டியதற்குச் சமம்.

என் தேர்வைக் கேட்டால்: 1965–66 காரில் கொயோட்டி என்றால், ரெயில் வலுத்தகடும் ஃபயர்வால் குழாயும் சேர்ந்து வரும் இரட்டை விஷ்போன் கிட் (மேலே சொன்ன இரண்டாம் வழி). கையில் பணம் அவ்வளவு இல்லையென்றால் மலிவான கிட்டுக்குப் போவதைவிட எஞ்சினை 5.0க்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

ட்ராக் அகலம், அதாவது இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம். ஒரே கிட் பல அகலங்களில் கிடைக்கும். சில டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தை வெளியே தள்ளும். அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 1965–66 ஃபெண்டர் குறுகியது. 225 அகல டயர் போடவே வீலின் ஆஃப்செட்டைச் சரியாகப் பார்க்க வேண்டியிருக்கும். முதலில் வீல், டயர், பிரேக்கை முடிவுசெய்து, பிறகு ட்ராக்.

சம்ப். பழைய காரில் ஸ்டீயரிங் இணைப்பு, முன் அச்சுக்குப் பின்னால் இருந்தது. மஸ்டாங் 2 பாணியில் ராக் அச்சுக்கு முன்னால் வரும். அதனால் சம்ப் இப்போது பின்பக்கம் இறங்க வேண்டும், முன்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். கொயோட்டிக்கு இப்படிப்பட்ட சம்ப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. சம்ப்பின் அடி கிராஸ்மெம்பரின் அடிக்குக் கீழே தொங்கக்கூடாது.

ஸ்டீயரிங் உதவி. 2011 மஸ்டாங்கில் ஃபோர்டு எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்குக்கு மாறியதால், கொயோட்டியில் ஹைட்ராலிக் பம்ப்புக்கு இடமே வைக்கவில்லை. ஹைட்ராலிக் ராக் வாங்கினால் பம்ப், பிராக்கெட், பெல்ட் அமைப்பு எல்லாம் தனியாக வேண்டும். சாதாரண ராக் வைத்து ஸ்டீயரிங் தண்டில் மின் மோட்டார் பொருத்துவது சுத்தமான வழி. ஹைட்ராலிக்தான் என்றால் பம்ப் அழுத்தம் ராக்குக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்; அழுத்தம் கூடினால் ஸ்டீயரிங் விரல் பட்டாலே திரும்பும், நெடுஞ்சாலையில் பயமாக இருக்கும்.

பிரேக் பூஸ்டர். அகலமான ஹெட் பூஸ்டர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் சின்னது, ஆனால் அதற்கு ஹைட்ராலிக் பம்ப் வேண்டும். ஆக ஸ்டீயரிங் முடிவும் பிரேக் முடிவும் ஒன்றாகவே எடுக்கப்பட வேண்டும்.

ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கின் எண்ணைப் பார்த்துப் புதியதை வாங்கக்கூடாது. சக்கரம் உணர்வது ஸ்பிரிங்கின் வலுவை அப்படியே அல்ல; மோஷன் ரேஷியோவின் வர்க்கத்தால் பெருக்கிய அளவைத்தான். சக்கரம் ஒரு அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குகிறது என்பதே மோஷன் ரேஷியோ. ஒரு உதாரணம்: மேல் ஆர்மில் அங்குலத்துக்கு 500 பவுண்டு ஸ்பிரிங், மோஷன் ரேஷியோ 0.5 என்றால் சக்கரத்தில் 125. கீழ் ஆர்ம் காயில்ஓவரில் 350 பவுண்டு, ரேஷியோ 0.65 என்றால் சக்கரத்தில் சுமார் 148. எண் குறைந்தாலும் கார் கெட்டியாகும். காயில்ஓவர் சாய்ந்து நின்றால் அந்தச் சாய்வும் வலுவைக் குறைக்கும். கிட் தயாரிப்பாளரிடம் சாய்வைச் சேர்த்த ரேஷியோவைக் கேளுங்கள்.

அடுத்து அதிர்வெண். சக்கர வலுவை அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 3.13ஆல் பெருக்குங்கள். 148 பவுண்டு, 700 பவுண்டு எடை என்றால் விநாடிக்கு 1.44 முறை. சாலைக் காருக்கு 1.2 முதல் 1.5 வரை நன்றாக இருக்கும். 1.8ஐத் தாண்டினால் மோசமான சாலையில் இடுப்பு சொல்லும்.

ஆறாம் படி: வெட்டு, பிணை, பொருத்து

வெட்டும் முன் காரை அது சக்கரத்தில் நிற்பது போன்ற புள்ளிகளில் தாங்கி நிறுத்துங்கள். இரு ரெயிலுக்கும் நடுவே, ரெயிலிலிருந்து ஃபயர்வாலுக்கு, கதவு வாசலின் குறுக்கே தற்காலிகக் குழாய்களை வெல்டு செய்யுங்கள். ஒரு பக்க டவரை வெட்டி அந்தப் பக்கம் வலுப்படுத்திய பிறகே அடுத்த பக்கம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூலைக்கு மூலை அளவைச் சரிபாருங்கள்.

கிராஸ்மெம்பரின் மையக்கோடு தரையில் போட்ட அச்சுக்கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். இடவலம் நூல் பிடித்துப் பாருங்கள். ரசமட்டத்தை வைக்கும்போது கார் எந்தச் சாய்வில் கடைசியில் நிற்குமோ அதே சாய்வில் இருக்க வேண்டும். காரைச் சமமாக வைத்துக் கிராஸ்மெம்பரைப் பொருத்திவிட்டு, பிறகு முன்பக்கத்தை இரண்டு டிகிரி தாழ்த்தினால், இரண்டு டிகிரி காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அப்படியே காணாமல் போகும். மேல் ஆர்மில் ஷிம் வைத்துத் திருப்பிப் பெற முயல்வார்கள், பாதிதான் கிடைக்கும். காரின் நிற்கும் உயரத்தில் கீழ் ஆர்ம் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான கிட்கள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும்.

முதலில் டாக் வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கப் புள்ளி புள்ளியாக) மட்டும். மாதிரி பிளாக், கியர்பாக்ஸ், ஹெடர், ஸ்டீயரிங் ஷாஃப்ட், பானெட் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். சக்கரத்தை முழுவதும் மேலே ஏற்றி, முழுவதும் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்டின் ஒவ்வொரு யு ஜாயிண்ட்டும் 35 டிகிரிக்குள் இருக்கட்டும். மூன்று ஜாயிண்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். எல்லாம் சரியென்றால் மட்டும் முழு வெல்டிங், இடம் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னத் துண்டாக. ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் மெல்லிய ரெயில் சூட்டில் வளைந்துவிடும்.

இந்த வெல்டிங் உங்கள் உயிரைத் தாங்கப்போகிறது. நீங்களே எல்லா வேலையும் செய்தாலும் இதை மட்டும் சேசிஸ் வேலையில் கைதேர்ந்த ஒருவரிடம் விடுவதில் வெட்கமில்லை.

முன் ரெயிலும் பின் ரெயிலும் இந்தக் காரில் நடுவே இணைவதில்லை. சப்ஃப்ரேம் கனெக்டர்களையும் இதே நேரத்தில் வெல்டு செய்துவிடுங்கள். 400 குதிரைசக்திக்கு மேல் வந்தபின் அவை இல்லாமல் முடியாது.

ஏழாம் படி: பம்ப் ஸ்டீயர், அலைன்மென்ட், சாலை

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பதில் ஒரு தட்டையான பலகையை ஹப்பில் பொருத்துங்கள். முன்னும் பின்னும் இரண்டு டயல் கேஜ். ஜாக்கியால் இரண்டு அங்குலம் மேலே, இரண்டு அங்குலம் கீழே நகர்த்துங்கள். இரண்டு கேஜும் வேறு வேறாக நகர்ந்தால், குழியில் விழும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் என்று அர்த்தம். இதுதான் பம்ப் ஸ்டீயர். ராக்கின் உயரத்தையோ வெளி டை ராட் முனையின் உயரத்தையோ ஷிம் வைத்து மாற்றி அந்த வேறுபாட்டை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. இரண்டு மணி நேர வேலை, கார் இருக்கும் வரை அதன் பலன் தெரியும்.

அலைன்மென்ட் கடையில் பழைய ஃபோர்டு கையேட்டின் எண்களைக் கொடுக்காதீர்கள். அவை அந்தக் காலத்து பயாஸ் ப்ளை டயர்களுக்கானவை. ரேடியல் டயருக்கு, பவர் ஸ்டீயரிங் என்றால் காஸ்டர் நேர்மறை 4 முதல் 6 டிகிரி, கை ஸ்டீயரிங் என்றால் 2 முதல் 3. கேம்பர் எதிர்மறை அரை டிகிரி. டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உள்ளே நெருங்கும் அளவு) அரை நூலுக்கும் ஒரு நூலுக்கும் இடையில்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மூட்டையோ ஆளோ வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டம் காலியான சாலையில், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பவில்லை என்றால் காஸ்டர் போதவில்லை.

100 மைலில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புஷ்ஷும் ஸ்பிரிங்கும் படிந்து உயரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். 500 மைலில் உயரத்தைச் சரிசெய்து அலைன்மென்ட்டை இரண்டாவது முறை செய்யுங்கள். அதே சமயம் காரைத் தூக்கி, கிராஸ்மெம்பர் ரெயிலில் சேரும் ஒவ்வொரு வெல்டையும் துடைத்து, விளக்கு அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி அளவு கோடு தெரிந்தாலும் பெயின்ட்டைச் சுரண்டி அடியில் இரும்பைப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதன் மேலேயே வெல்டு ஓட்டிவிடாதீர்கள். பாரம் அந்த இடத்தில் ஏன் குவிகிறது என்று கண்டுபிடித்து, அங்கே வலுத்தகடு சேர்த்த பிறகே காரை மறுபடி சாலையில் இறக்குங்கள்.